கோடு போடாத இடம்

சாக்பீஸ் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கையில் இருக்கும் சாக்பீஸைப் படக்கென்று இரண்டாக ஒடிப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் தோல் பட்டறையில் சுற்றியிருக்கிற மேசைக்காரர்கள் எல்லாம் திடீரென்று வேலையில் மூழ்கிவிடுவார்கள். முதலாளியே வந்து எதிரில் நின்றாலும் ஒடிக்கிறதை ஒடிக்கத்தான் செய்வாள். அப்படி ஒரு பிறவி.

அவள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருகிற சண்டை புரியாது. பதனிட்ட தோல் கட்டுக்கட்டாக லாரியில் வந்து இறங்கும். ஒவ்வொன்றாகச் சாய்வு மேசையில் விரித்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் கையால் தடவிப் பார்ப்பாள். முள் கீறிய இடம், உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்டு விழுந்த ஓட்டை, வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடுகிற பகுதி என்று கண்ணில் பட்டதை எல்லாம் சாக்பீஸால் வளைத்து, உள்ளே சாய்வாகக் கோடு கோடாகக் கிழித்துவிடுவாள். கோடு விழுந்தால் அது கழிவு. கோடு விழாமல் சுத்தமாக மிஞ்சுகிற இடத்தில்தான் வெட்டுகிறவர் தன் அளவு அட்டையை வைத்து வெட்டுவார். 'இது நல்ல இடம்' என்று எந்தத் தோலிலும் யாரும் எழுதி வைப்பதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, கண்ணிருந்தால் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் கையில் எடுத்த சாக்பீஸ் அது. பெற்ற பெண் வளர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

பட்டறை வாசலோரம் ஒரு தனி மேசையும் ஒரு சுழல் நாற்காலியும் உண்டு. அதில் உட்காருகிறவர்தான் தரம் பார்ப்பவர். வருகிற தோலை ஏற்பதா, லாரியோடு திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது அவர் வாய்ச்சொல். பழைய தரம் பார்ப்பவர் விடுப்பு எடுத்த நாளெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தது சாக்பீஸ் அக்காதான். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் அவள் நேராக மேலாளர் அறைக்குப் போய் நின்றாள்.

"அந்த இடத்தை எனக்குக் குடுங்க சார்."

"ஆசைப்படறதுல தப்பில்லம்மா," என்றார் மேலாளர். "ஆனா அதுக்குப் பள்ளி இறுதித் தேர்வு பாஸ் பண்ணியிருக்கணும். நீ கணக்குல கோட்டை விட்டவளாச்சே."

"பாஸ் பண்ணிட்டு வந்தா?"

மேலாளர் சிரித்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தே சொன்னார். "பண்ணிட்டு வாயேன், யாரு வேணாம்னா? இந்தப் பரீட்சை முடிவு வர்ற வரைக்கும் நாற்காலி காலியாவே கெடக்கும். பாஸ் மார்க் வாங்கிட்டு வந்தா உனக்கு. இல்லேன்னா என் மச்சான் உக்காருவான்."

அந்த மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனுஷர்தான், யாரையும் திட்டக்கூட மாட்டார். ஆனால் தோலையும் ரெக்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் தடவிவிட்டு, "ரெண்டும் நல்லா இருக்கே" என்பார். அவரைத் தரம் பார்க்க உட்கார வைத்தால் பட்டறைக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மேலாளரிடம் வாயைத் திறக்க யாருக்கும் தைரியம் இல்லை. சாக்பீஸ் அக்கா மட்டும் மேசைக்குத் திரும்பி வந்து ஒரு புது சாக்பீஸை எடுத்து ஒடித்தாள்.

கணக்கு அவளுக்குப் பழைய பகையாளி. பள்ளியில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது. கணக்கு மட்டும் கவிழ்த்துவிட்டது. அப்பா, "போதும்மா, உனக்கு ஏறாது" என்று பட்டறையில் சேர்த்துவிட்டார். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இன்னொரு தடவை எழுதினாள். அப்போதும் மண்ணைக் கவ்வினாள். மாமியார், "ஏறாதுன்னு தெரிஞ்சும் ஏன் முட்டிக்கிறே" என்றார். ஏறாது, ஏறாது என்று இத்தனை பேர் சொல்லிச் சொல்லியே அவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் மூன்றாவது தடவையாக எழுதுவதற்கு மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

சின்னப் பிள்ளைகள் பகலில் உட்காருகிற பெஞ்சு அது. முழங்கால் மேசையில் இடிக்கும். டீச்சர் அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள், "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். முதல் பாடங்கள் எல்லாம் சாக்பீஸ் அக்காவைக் கண்ணில் தண்ணீர் விட வைத்தன. இருபடிச் சமன்பாடு வந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டாள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். அவர்தான் எழுப்பி உட்கார வைத்து, "இந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராதுன்னு விட்டுடேன்" என்றார். அவள் சாப்பாட்டை நகர்த்திவைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்தாள். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் அசமன்பாடு வந்தது.

"சமன்பாடுன்னா ஒரே விடையைக் கேக்கும்," என்றாள் டீச்சர். "அசமன்பாடு அப்படி இல்ல. எட்டுக்கு மேல போகாதே, அதுக்குள்ள எங்க வேணா இருந்துக்கன்னு சொல்லும். வரைபடத்தாள்ல அதுக்கு ஒரு கோடு போட்டா தாளே ரெண்டாப் பிரியும். ஒரு பக்கம் நிபந்தனைக்கு ஒத்துக்கும், இன்னொரு பக்கம் ஒத்துக்காது. எந்தப் பக்கம்னு சந்தேகமா இருந்தா, ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து எண்ணைப் போட்டுப் பாருங்க. ஒத்துவந்தா அந்தப் பக்கம் முழுக்க ஒத்துவரும். நிபந்தனை மூணு இருந்தா, மூணுக்கும் ஒத்துப்போற இடம்தான் விடை."

சாக்பீஸ் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது, அவள் கவனிக்கவில்லை. கீறல் கூடாது, கனம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது, இழுத்தால் இவ்வளவுக்கு மேல் நீளக் கூடாது. மூன்றுக்கும் தப்பி நிற்கிற இடத்தில்தானே அட்டையை வைத்து வெட்டுகிறார்கள். இத்தனை வருஷமாக இதைத்தானே அவள் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள்.

டீச்சர் கரும்பலகையில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒத்துவருகிற பக்கத்தை ஒவ்வொரு வண்ணத்தில் நிழலிட்டாள். மூன்று வண்ணமும் சேர்கிற இடம் விடை.

"டீச்சர், இது சகதியா இருக்கு," என்றாள் சாக்பீஸ் அக்கா. "ஒத்துக்காத பக்கத்தை அடிச்சுத் தள்ளிட்டா, மிஞ்சறது பளிச்சுன்னு தெரியுமே."

"அப்படியும் செய்யலாம்க்கா. நெறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. எது விடைன்னு தெரியணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு மறந்துடாதீங்க. நிபந்தனையில 'சமம்' சேர்ந்திருந்தா முழுக்கோடு போடணும். அப்ப கோட்டு மேல நிக்கிற புள்ளியும் சேர்த்தி. சமம் இல்லேன்னா விட்டுவிட்டுக் கோடு போடணும், கோட்டு மேல நிக்கிறது சேர்த்தி இல்ல."

அன்றையிலிருந்து அவள் போட்ட வரைபடம் எல்லாம் அவள் கை பார்த்த தோல் மாதிரியே இருந்தன. வேண்டாத பக்கமெல்லாம் சாய்வுக் கோடுகள், நடுவில் சுத்தமாக ஒரு துண்டு. அந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற பாடங்களுக்கும் போய் வந்தாள். ஏறாத கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

பரீட்சையில் அசமன்பாட்டுக் கேள்வி வந்தது. மூன்று நிபந்தனை. x-உம் y-உம் கூட்டினால் எட்டுக்கு மேல் போகக் கூடாது, y இரண்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், x ஒன்றுக்குக் குறையக் கூடாது. தீர்வுப் பகுதியைக் காட்டுக என்று கேட்டிருந்தார்கள். ஐந்து மதிப்பெண். சாக்பீஸ் அக்கா மூன்று கோடும் போட்டாள். வேண்டாத பக்கத்தை எல்லாம் கிழித்துத் தள்ளினாள். நடுவில் ஒரு முக்கோணம் வெள்ளையாக நின்றது. x இரண்டு, y மூன்று என்கிற புள்ளியை அதற்குள் வைத்து, மூன்று நிபந்தனையிலும் எண்ணைப் போட்டு ஓரத்தில் எழுதிச் சரி பார்த்து, புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறியும் போட்டாள். விடை எது என்று மட்டும் எழுதவில்லை. வெள்ளையாக மிஞ்சியது விடை இல்லாமல் வேறு என்ன?

முடிவு வந்தது. கணக்கில் முப்பத்தொன்று. பாஸ் மார்க் முப்பத்தைந்து.

மேலாளர் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, முயற்சி பண்ணே பாரு, அதுவே பெரிசு" என்றார். அடுத்த மாதம் மச்சான் வந்து உட்காருவார் என்று பட்டறை முழுக்கச் செய்தி பரவியது. வீட்டில் வீட்டுக்காரர் தட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பரிமாறினார். அந்தப் பரிதாபம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"விடைத்தாளைக் கேட்டு வாங்கப் போறேன்," என்றாள்.

"வாங்கி?"

"எங்க தோத்தேன்னு பாக்கணும். தோத்திருந்தா வாயை மூடிக்கிறேன்."

நகல் வந்தது. அசமன்பாட்டுக் கேள்வியில் வரைபடத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் பூஜ்யம். சாக்பீஸ் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் சாக்பீஸ் இல்லை, அடுப்பங்கரையில் கிடந்த தீக்குச்சியை எடுத்து ஒடித்தாள்.

தேர்வு அலுவலகத்தில் மறுமதிப்பீட்டு அதிகாரி ஒரு அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். மேசை நிறைய விடைத்தாள் கட்டுகள், மேலே பறக்காமலிருக்க ஒரு தண்ணீர் பாட்டில். நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, "நிழலிட்ட பகுதிதான் தீர்வு. நீங்க நிழலிட்டிருக்கறது எல்லாம் வெளியே இருக்கே" என்றார்.

"அது வேணாம்னு கிழிச்சது மேடம். வெள்ளையா இருக்கறதுதான் விடை."

"விடைக்குறிப்புல நிழலிட்டதுதான் விடைன்னு இருக்கு."

"கேள்வித்தாள்ல அப்படிக் கேக்கல மேடம். காட்டுகன்னு இருக்கு. நான் காட்டியிருக்கேன்." சாக்பீஸ் அக்கா கேள்வித்தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

அதிகாரி அம்மாள் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை, நாள் முழுக்க இப்படி ஆட்களைப் பார்த்துச் சலித்தவர். "இங்க பாருங்க, நாலு மார்க்தான் கொறையுது. கருணை மதிப்பெண்ணுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. கவனக்குறைவால தப்பா நிழலிட்டுட்டேன், மன்னிச்சு உதவணும்னு ரெண்டு வரி. நான் பரிந்துரை பண்றேன். பாஸாயிடுவீங்க."

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். பேனாகூட அம்மாளே நீட்டினார். எழுதிக் கொடுத்தால் நாற்காலி கைக்கு வந்துவிடும். சாக்பீஸ் அக்கா பேனாவைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"தப்பா போடலியே மேடம். போடாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது?"

"பிடிவாதம் பிடிக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்குக் கருணை வேணாம். தப்பு இருந்தா வெட்டுங்க, சரியா இருந்தா குடுங்க. இந்தப் புள்ளியைப் பாருங்க. ரெண்டு, மூணு. கூட்டினா அஞ்சு, எட்டுக்குள்ள இருக்கு. மூணு ரெண்டைவிடப் பெரிசு. ரெண்டு ஒண்ணுக்குக் குறையல. ஓரத்துல போட்டுப் பாத்து சரிக்குறி வெச்சிருக்கேன். வெளிய கிழிச்சதுதான் விடைன்னு நெனச்சிருந்தா, சரிக்குறியை எதுக்கு உள்ள கொண்டுபோய் வைப்பேன்?"

அம்மாள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஓரத்தில் எழுதியிருந்ததை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். அப்புறம் எழுந்து போய் அசல் விடைத்தாளைத் தேடி எடுத்து வந்து, அதிலும் அதே இடத்தைப் பார்த்தார்.

"நானும் கணக்கு டீச்சரா இருந்தவதான்," என்றார் கடைசியில். "இந்த முறையும் உண்டு. ஓரத்துல இருக்கற புள்ளியைத் திருத்தினவங்க கவனிக்கல. நீங்களும் இதுதான் விடைன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். சரி, அஞ்சு மார்க்கும் குடுத்துடறேன். முப்பத்தாறு."

சிவப்புப் பேனாவை எடுத்தார். சாக்பீஸ் அக்கா அசல் தாளை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். நகலில் மங்கலாக இருந்த கோடுகள் இதில் தெளிவாகத் தெரிந்தன. y இரண்டைவிடப் பெரிது என்றால் சமம் இல்லை. விட்டுவிட்டுப் போட வேண்டிய கோடு. அவள் அதை முழுக்கோடாக இழுத்துப் போட்டிருந்தாள். அம்மாள் கண்ணில் அது படவில்லை.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? எத்தனை மதிப்பெண் வெட்டுவார்கள் என்றும் தெரியாது. ஒன்றா, இரண்டா? இரண்டு போனால் திரும்பவும் பெயில். நாற்காலி மச்சானுக்கு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தோலில்கூடக் கண்ணில் பட்ட கீறலை அவள் கோடு போடாமல் விட்டதில்லை. இப்போது சொந்தத் தாளில் விட்டுவிட்டால், இவ்வளவு நேரம் போட்ட சண்டையெல்லாம் எதற்கு? தனக்குச் சாதகமான நியாயத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போகவா வந்தாள்?

"ஒரு நிமிஷம் மேடம்." விரலை வைத்துக் காட்டினாள். "இந்தக் கோடு விட்டுவிட்டுப் போட்டிருக்கணும். முழுசா போட்டுட்டேன். இது என் தப்பு. இதுக்கு வெட்டுங்க."

அம்மாள் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சும்மா இருந்திருக்கலாமே நீங்க."

"தப்புக்கு வெட்டுங்கன்னு சொன்னது நான்தானே."

அம்மாள் விடைக்குறிப்பைப் புரட்டினார். கோட்டின் வகைக்கு ஒரு மதிப்பெண். ஐந்தை அடித்து நான்கு என்று போட்டார். ஓரத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு வட்டம் போட்டார். முப்பத்தைந்து. மனுவுக்காக எடுத்து வைத்திருந்த வெள்ளைத் தாளைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார். சாக்பீஸ் அக்கா நகலை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திருத்திய சான்று கைக்கு வந்த மறுநாள் பட்டறைக்குப் போனபோது மச்சான் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். மாதம் பிறக்கிற வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை போல. சுழல் நாற்காலியில் இப்படியும் அப்படியும் சுழன்று பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் டீ டம்ளர். மேலாளர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாக்பீஸ் அக்கா திருத்திய மதிப்பெண் சான்றை நீட்டினாள். மேலாளர் வாங்கி, தலைகீழாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சா? சரியா கோட்டுல வந்து நிக்குதே. ஒண்ணு ரெண்டு கூட இருந்தாலும் சரிங்கலாம். இதைப் பாஸுன்னு எப்படிம்மா…"

மேசைகளில் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. எல்லாரும் சாக்பீஸ் ஒடிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அவள் ஒடிக்கவில்லை.

"எல்லார் முன்னாடியும் நீங்க என்ன சொன்னீங்க சார்? பாஸ் மார்க் வாங்கிட்டு வான்னீங்க. பாஸ் மார்க்குக்கு மேல வாங்கிட்டு வான்னு சொல்லல. முப்பத்தஞ்சும் அதுக்கு மேலயும் பாஸ். சமம் சேர்த்தி. இது முழுக்கோடு சார். கோட்டு மேல நிக்கிறவளும் உள்ளதான்."

"முழுக்கோடா? என்னம்மா சொல்றே?"

"முப்பத்தாறாவே வந்திருக்கும். ஒரு மார்க்கை நானே கேட்டு வெட்ட வெச்சேன். அதனால இதுல யாரும் ஒரு புள்ளிகூடக் குறைக்க முடியாது. நீங்களும்தான்."

வெட்டுகிற மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாங்களும் கேட்டோம் சார். பாஸ் மார்க்குன்னுதான் சொன்னீங்க." இன்னொரு குரல், "ஆமா சார்" என்றது. அதுவரைக்கும் மேலாளர் முன்னால் வாயைத் திறக்காத ஆட்கள் அவர்கள். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. சான்றை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, சரி, வேலையைப் பாருங்க" என்று யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டார்.

சாக்பீஸ் அக்கா மேசையில் இருந்த டீ டம்ளரை எடுத்து மச்சான் கையில் கொடுத்தாள்.

"எந்திரிங்க தம்பி. டீயை ஆறவிடாம குடிங்க."

மச்சான் எழுந்தார். அவருக்கும் நிம்மதிதான் என்று பின்னால் சொன்னார்கள். சாக்பீஸ் அக்கா உட்கார்ந்து நாற்காலியின் உயரத்தைத் தனக்கு ஏற்ற மாதிரி சரிசெய்துகொண்டாள். வாசலில் லாரி வந்து நின்றது. முதல் தோலை விரிக்கச் சொன்னாள். கழுத்தோரம் ஒரு கீறல், நீளமானது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாதது. அதைச் சுற்றி வளைத்து, உள்ளே சாய்வாகக் கோடு கிழித்தாள்.